பிள்ளைக் காம்பராவின் தராசு

டொக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தாதி இரண்டு தடவை தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை பிள்ளையின் தாய் லெட்சுமிக்கு விளங்கவில்லை. இரண்டாவது தடவை விளங்கியது; நம்பத்தான் முடியவில்லை.

“ரொட்டியா மிஸ்?”

“ரொட்டி, பாண், பிஸ்கட், நூடில்ஸ், ரோல்ஸ் எல்லாந்தான். கோதுமை மா பட்ட எதுவும் இந்தப் பிள்ளைக்குக் குடுக்கக் கூடாது. பார்லியும் கூடாது.”

“எத்தன நாளைக்குங்க?”

“நாள் கணக்கு இல்லம்மா. ஆயுசுக்கும்.”

லெட்சுமி பக்கத்தில் நின்ற கலாராணியைத் திரும்பிப் பார்த்தாள். கலாராணி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று விடிய, பதுளை பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரமாகுமோ என்று சீனி போட்ட தேத்தண்ணியில் ரொட்டியைத் தோய்த்துப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டது அந்தக் கைதான். அதற்கு முதல் நாளும் அதுதான். அதற்கு முந்திய இரண்டு வருடமும் அதுதான்.

பிள்ளையின் பெயர் யதுஷா. வயது மூன்றரை, எடை ஒன்பது கிலோ இருநூறு கிராம். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பிப் பளபளப்பாக இருக்கும். இரத்தம் எடுத்துப் பார்த்து, வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்த்து, குடலின் உட்புறம் தேய்ந்துபோயிருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். தின்றது உடம்பில் ஒட்டவில்லை. ஒட்டாதபடி செய்தது கோதுமை. கிருமி இல்லை, பூச்சி இல்லை, பட்டினியும் இல்லை. ஊட்டியதுதான் நோய்.

கலாராணி யதுஷாவுக்குச் சொந்தமில்லை. ஸ்பிரிங்வெளிக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் பிள்ளைக் காம்பரா ஆயா அவர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலை ஏழரைக்குப் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பகலில் பால் கொடுக்க வந்துபோவார்கள். பின்னேரம் கூட்டிக்கொண்டு போவார்கள். நாற்பத்தாறு வயதில் பத்தொன்பது வருடம் அந்த வேலை. சொந்தப் பிள்ளை இல்லை. இருந்திருந்தாலும் இதைவிட அதிகமாக எதைச் செய்திருப்பார் என்று சொல்லத் தெரியவில்லை.

காம்பராவின் கூரை நடுவளையில் ஒரு தராசு தொங்கும். கீழே துணிக் காற்சட்டை. அதற்குள் பிள்ளையை இறக்கிவிட்டால் முள் ஆடி நிற்கும். மாதத்துக்கு ஒருமுறை மிட்வைஃப் மிஸ் வந்து எடையைப் பார்த்து அட்டையில் புள்ளி வைப்பார். பச்சைக்குள் விழுந்தால் நல்லது. சிவப்புக்குள் விழுந்தால் கேள்வி வரும். யதுஷாவுக்கு முன் ஆறு வருடமாகக் கலாராணியின் காம்பராவில் ஒரு பிள்ளையும் சிவப்பில் விழுந்ததில்லை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள மாட்டார். ஆனால் எடை பார்க்கும் நாளில் மட்டும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வருவார்.

யதுஷா சிவப்பில் விழுந்தபோது, அந்தச் சிவப்பைத் தன்மேல் பூசியதாகவே அவர் எடுத்துக்கொண்டார். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு ரொட்டி என்றால் இவளுக்கு ஒன்றரை. தேங்காய்ப்பூ கூட்டி, முட்டை உடைத்து ஊற்றி, தடிப்பாகத் தட்டிச் சுட்டது. பிள்ளை வாயை மூடிக்கொண்டால் கதை சொல்லித் திறக்கவைத்தார். கூட ஊட்டினார், கூடக் கழிந்தது. கழிந்ததைப் பார்த்து இன்னும் கூட ஊட்டினார்.

தோட்டத்தில் ரொட்டி ஒரு பலகாரமல்ல, அது நேரம். விடிய ரொட்டி, பத்து மணிக்கு மலையில் ரொட்டி, பின்னேரம் ரொட்டி. எப்போதும் கண்முன் இருப்பதை மனம் சந்தேகிப்பதில்லை. சந்தேகம் புதியதைத்தான் தேடிப் போகிறது. தண்ணியைச் சந்தேகித்தார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள், கோயிலில் நூல் கட்டினார்கள். ரொட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து பஸ்ஸில் திரும்பினார்கள். ஸ்பிரிங்வெளியில் இறங்கிய பிறகுதான் கலாராணி சொன்னார்: “நான் அவளுக்கு வெசத்தயில்ல ஊட்டிருக்கேன், லெட்சுமி.”

“சும்மா இருங்கக்கா. நானும்தான் ஊட்டுனேன்.”

லெட்சுமி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, பத்துக் கிழமை, இரண்டு மாதத்துக்கு மேல், பிள்ளையோடு வீட்டில் இருந்தாள். கணவன் துஷாந்துக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மூத்தவள் சிவசக்தி நாலாம் வகுப்பு. கோதுமை இல்லாமல் ஒரு பிள்ளையை வளர்ப்பது எப்படி என்று லெட்சுமி ஒவ்வொரு சாமானாகக் கண்டுபிடித்தாள். அரிசி மா ரொட்டி முதலில் கையோடு பிய்ந்து வந்தது. கொதிநீர் ஊற்றிப் பிசைந்தால் பிடிக்கிறது என்று நாலாம் நாள் தெரிந்தது. குரக்கன் தானியத்தை மில்லில் கொடுக்கவில்லை, அங்கே கோதுமையும் அரைபடும். கழுவிக் காயவைத்து உரலில் இடித்துக் களி கிண்டினாள். மரவள்ளிக் கிழங்கும் சம்பலும், அவித்த பச்சைப்பயறும் தேங்காய்ப்பூவும், வத்தாளங் கிழங்கு, பலாக்காய்க் கறி, முட்டை. கடைத் தோசையில் கோதுமை மா கலப்பார்கள் என்பதைக் கடைக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். ரொட்டி சுட்ட தாச்சியைத் தனியாகத் தூக்கி வைத்துவிட்டுப் புதுத் தாச்சி வாங்கினாள்.

பத்தாவது கிழமை யதுஷா பத்து கிலோ அறுநூறு. பிள்ளை படியில் ஏறி இறங்கி விளையாடியது. களியை வழித்துத் தின்றுவிட்டு “இன்னும்” என்றது. அந்தச் சொல்லை அதன் வாயில் அதற்கு முன் அவர்கள் கேட்டதில்லை.

சித்திரை பிறந்த கையோடு லெட்சுமி வேலைக்குத் திரும்பினாள். பிள்ளை காம்பராவுக்கு வந்தது. கலாராணி முன்னேற்பாடாக நீலத் தட்டு, நீலக் கோப்பை, தனிக் கரண்டி, தனிச் சட்டி எல்லாம் வாங்கி வைத்திருந்தார். மற்றப் பிள்ளைகளுக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்த பிறகு சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவாமல் யதுஷாவைத் தொடமாட்டார். அதோடு தன் பங்குக்கு இன்னொன்றும் செய்தார். வயிறு மறுபடி ஊதிவிடக் கூடாது என்று, காலை எட்டு மணிக்குச் சுண்டைக்காய் அளவு பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்துக் கொடுத்தார். வயிறு உப்பிய பிள்ளைக்கெல்லாம் பத்தொன்பது வருடமாக அவர் கொடுத்துவந்தது அதுதான். அது காம்பராவில் எல்லோருக்கும் தெரிந்த கைமருந்து.

வைகாசியில் தராசு பத்து கிலோ நானூறு காட்டியது. மிட்வைஃப் மிஸ் முள்ளை விரலால் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார். ஆனியில் பத்து கிலோ. வயிறு திரும்ப உப்பியிருந்தது.

அன்று பின்னேரம் காம்பரா வாசலில், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெண்கள் ஐந்தாறு பேர் நிற்க, லெட்சுமி கேட்டாள்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. எம் புள்ள இங்க வந்ததுலருந்துதான் எறங்குது. யாராச்சும் தெரியாம ஒரு துண்டு...”

“என் காம்பராவுலயா?” கலாராணியின் முகம் கறுத்தது. “மாரியம்மா மேல சத்தியமா சொல்றேன், கோதும மா ஒரு துளி இந்தக் கையால போகல. நீ ஒன் வீட்டப் பாரு. ஒம் புருசன் வருசப் பொறப்புக்கு வந்தப்ப டின் டின்னா பிஸ்கட் கொண்டாந்தான்ல?”

“அது மூத்தவளுக்குங்க. பெட்டிக்கு மேல வச்சிருக்கேன்.”

“மூத்தவளுக்குக் கையி இல்லியா? ரெண்டும் ஒரே பாயிலதான படுக்குது?”

ஒருத்தி சிரித்தாள். “சக்தி பாசக்காரிதான். தங்கச்சி அழுதா தாங்க மாட்டா.”

லெட்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்து வரிசையில் இருந்த தன் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அடி விழும் சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. முதலில் சிவசக்தி “இல்லம்மா, இல்லம்மா” என்று கத்தினாள். பிறகு “குடுத்தேன், குடுத்தேன்” என்றாள். அடி நின்றது. ஒன்பது வயதுப் பிள்ளை ஒத்துக்கொண்ட பிறகு யாருக்கும் வேறு எதையும் யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

பிஸ்கட் டின் வெளியே போனது. வயிறு இறங்கவில்லை. அப்படியானால் மூத்தவள் பள்ளிக்கூடத்தில் இருந்து எதையாவது கொண்டுவந்து கொடுக்கிறாள் என்றார்கள். அவளுடைய புத்தகப் பையைத் தினமும் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்காதது அவளுடைய கெட்டித்தனத்துக்குச் சாட்சியானது. கடைசியில் துஷாந்த் போனில் முடிவு சொன்னான்: மொனராகலையில் தன் அக்கா வீட்டில் சிவசக்தி இருக்கட்டும், அங்கேயே படிக்கட்டும், சின்னவள் தேறின பிறகு பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுவது என்று பேச்சு.

சனிக்கிழமை கலாராணி பதுளைக்குப் போனார். காம்பராவுக்குச் சவர்க்காரம், சீனி, தீர்ந்துபோன பெருங்காயம். எப்போதும் வாங்குவது பஸார் பக்கம் ஸரூக் நானாவின் பலசரக்குக் கடையில். அவர் பெட்டியில் வரும் பெரிய கட்டியைக் கத்தியால் வெட்டி, நிறுத்து, கடதாசியில் சுற்றித் தருவார்.

“போன தடவ தந்ததுல வாசமே இல்ல நானா. கூடக் கரைக்க வேண்டியதா இருக்கு.”

“என்ன செய்ய தங்கச்சி. சாமான் வெல ஏற ஏற அவனுகளும் மாவக் கூட்டிப் போடுறான்.”

“என்ன மாவு?”

“கோதும மா தான். வேற என்ன?”

கலாராணி சிரித்தார். நானா பகிடி விடுகிறார் என்று நினைத்தார். “பெருங்காயத்துல எங்க நானா கோதும மா?”

“அல்லாஹ்வே, இவ்வளவு காலம் வாங்குறீங்க, தெரியாதா? தனிப் பெருங்காயம்னா வெறும் பிசின். அத நாக்குல வைக்கவும் ஏலாது, கட்டி பிடிக்கவும் ஏலாது. மா சேத்துத்தான் கட்டியாக்குறது. அரிசி மா போட்டதும் ஈக்கி. இது கோதும.” பெட்டியைத் திருப்பி, கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கி, சின்ன எழுத்துகளின்மேல் விரல் வைத்தார். “இந்தா. மொதல்ல எழுதி ஈக்கிறதே கோதும மா தான். பிறகுதான் பெருங்காயம்.”

கலாராணி அந்த விரலைப் பார்த்தார். எழுத்து இங்கிலீஷில் இருந்தது. வாசிக்க முடியாவிட்டாலும் பார்த்துக்கொண்டே நின்றார். கையில் இருந்த சவர்க்காரம் விழுந்ததை நானாதான் எடுத்துக் கொடுத்தார்.

“என்ன தங்கச்சி? வெருண்டு போயிட்டீங்க?”

“மூக்கப் பிடிச்சு ஊத்துனேன் நானா,” என்றார் கலாராணி.

நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு விளங்கிக்கொண்டபோது அவரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “நான்தானே வெட்டித் தந்தது,” என்றார். வெட்டிய துண்டுக்கு அவர் காசு வாங்கவில்லை. கலாராணி அதைக் கடதாசியோடு எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டபோது பெருங்காயம் யாருடைய நினைவுக்கும் வரவில்லை, ஏனென்றால் அது சாப்பாடில்லை. வேறு மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டபோதும் வரவில்லை, ஏனென்றால் மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் தரும் குளிசை. இரண்டுக்கும் நடுவில், எந்தக் கேள்வியும் தொடாத ஓர் இடத்தில் அது இருந்தது. அக்கறையோடு செய்பவை பலவும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

திரும்பி வந்த பஸ்ஸில் கலாராணிக்கு இன்னொன்றும் விளங்கியது. அதைப் பிறகு அவரே சொன்னார். நாளையில் இருந்து பெருங்காயத்தை நிறுத்திவிட்டால் போதும். பிள்ளை தேறும். சிவசக்தியும் நாளைக்கே மொனராகலைக்குப் போகிறாள். அடுத்த மாதம் முள் மேலே ஏறும்போது தோட்டம் முழுக்க என்ன சொல்லும்? பார்த்தீர்களா, மூத்தவள் போனாள், சின்னவள் தேறிவிட்டாள் என்று சொல்லும். யாரும் பொய் சொல்லத் தேவையில்லை; தராசே சொல்லிவிடும். ஆயாவின் சத்தியமும் நிற்கும், பேரும் நிற்கும். ஸரூக் நானாவின் கடைக்கும் இந்த டிவிஷனுக்கும் இடையில் பதினைந்து மைல்.

அந்த வழியை அவர் யோசிக்கவேயில்லை என்று எழுத எனக்கு மனமில்லை. யோசித்தார். அன்றிரவு லெட்சுமியின் வீட்டைக் கடந்துதான் தன் வீட்டுக்குப் போனார். கதவு திறந்திருந்தது, உள்ளே போகவில்லை.

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்குப் போனார். சிவசக்தி கழுவிய சட்டை போட்டு, துணி திணித்த பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். யதுஷா அவளுடைய பை வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. லெட்சுமி தலை சீவிக்கொண்டிருந்தாள்.

“லெட்சுமி, அவள அனுப்பாத.”

“ஏங்க்கா? நீங்கதான மொதல்ல சொன்னீங்க.”

“சொன்னேன். குடுத்தது அவ இல்ல. நான்.”

கலாராணி கடதாசியைப் பிரித்துப் படியில் வைத்தார். பெருங்காய வாசம் எழுந்ததும் யதுஷா பை வாரை விட்டுவிட்டு அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்தது.

“இதுல கோதும மா இருக்கு. பாதிக்கு மேல அதுதானாம். நானாவே பெட்டியக் காட்டுனாரு.”

லெட்சுமி சீப்போடு குனிந்து கட்டியைப் பார்த்தாள். “இதத்தான் குடுத்தீங்களா?”

“ஆமா.”

“எம்புட்டு?”

“சுண்டக்கா அளவு.”

“தெனமுமா?”

“காம்பரா தெறக்குற நாளெல்லாம்.”

“அவ குடிச்சாளா?”

“அழுவா. மூக்கப் புடிச்சு ஊத்துவேன்.”

லெட்சுமி கீழே உட்கார்ந்தாள். கலாராணியைப் பார்க்கவில்லை. சிவசக்தியைப் பார்த்தாள். ஏதோ ஆளை முதல் முறை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அப்ப நீ ஏன்டி குடுத்தேன்னு சொன்ன?”

சிவசக்தி பையின் பூட்டைத் திறந்து மூடினாள். “இல்லன்னு சொன்னப்ப நீங்க நிப்பாட்டலியேம்மா.”

சிவசக்தி போக இருந்த பத்து மணி பஸ் கீழே வளைவில் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. லெட்சுமி எழுந்து பையை வாங்கி, துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடியில் போட்டாள், ஈரமில்லாத துணிகளை. கடைசித் துணியையும் போட்டுவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்:

“எந்திரிச்சுப் போங்கக்கா.”

“நாளைக்குப் புள்ளைய...”

“போங்கன்னு சொல்றேன்ல.”

அந்தக் கிழமை முழுக்க யதுஷா காம்பராவுக்கு வரவில்லை. லெட்சுமி பிள்ளையையும் பெருங்காயக் கட்டியையும் கிளினிக்குக் கொண்டுபோனாள். இந்த நோய் கிளம்ப இவ்வளவே தாராளம், தினமும் என்றால் குடல் ஆறவே ஆறாது என்று டொக்டர் சொன்னார். கலாராணி செய்தியை மிட்வைஃப் மிஸ்ஸிடமும் தானே சொன்னார். காம்பரா வாசலில், சத்தியம் செய்த அதே இடத்தில், அதே பெண்கள் நிற்கும்போதும் சொன்னார். அன்று சிரித்தவள் இன்று சிரிக்கவில்லை. இதற்காக அவரை உயர்த்திப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை அடிவாங்கிய பிறகு வந்த உண்மை அது; உண்மைதான், பிந்தி வந்தது. ஆனால் வராமலே போக எல்லா வசதியும் இருந்தும் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை ஏழரைக்கு லெட்சுமி வந்தாள். வேலையை விட்டால் வீடு நடக்காது. பிள்ளையை விட வேறு இடமும் இல்லை. இடுப்பில் யதுஷா, கையைப் பிடித்தபடி சிவசக்தி.

“இவ பாத்துட்டுத்தான் குடுக்கணும்,” என்றாள். “என்ன போட்டாலும். தண்ணியா இருந்தாலும்.”

“சரி,” என்றார் கலாராணி.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில் சிவசக்தி காம்பராவுக்குள் வந்து சமையல் மேசைக்கு முன்னால் நிற்பாள். கலாராணி ஒவ்வொரு டின்னாகத் திறந்து காட்டுவார். அரிசி, பருப்பு, பயறு, இடித்த குரக்கன். பைக்கற்றில் உள்ளதைச் சிவசக்தி கையில் வாங்கி, பின்பக்கம் திருப்பி, சின்ன எழுத்தைத் தமிழில் இருந்தால் தமிழில், இல்லாவிட்டால் சிங்களத்தில், அதுவும் இல்லாவிட்டால் இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். விளங்காத சொல்லைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய் டீச்சரிடம் கேட்டு வருவாள். அதுவரை அந்தப் பைக்கற் திறக்கப்படாது. ஆவணியில் முள் பத்து கிலோ எழுநூறைத் தொட்டது. மிட்வைஃப் மிஸ் புள்ளி வைத்தபோது கலாராணி பழைய சேலையில்தான் இருந்தார்.

ஒருநாள் பருப்புக்குப் போட எடுத்த பொட்டலத்தைச் சிவசக்தி முன்னும் பின்னும் திருப்பினாள். வெறும் கடதாசி.

“இதுல ஒண்ணும் எழுதலியே.”

“மஞ்சத்தூள்டி. மஞ்சள்ல என்ன இருக்கப் போகுது?”

“பெருங்காயத்துலயும் ஒண்ணும் இல்லன்னுதான நெனச்சீங்க.”

கலாராணி பொட்டலத்தை வாங்கிச் சுற்றி, மேல் தட்டில் வைத்தார். அன்று பருப்பு மஞ்சள் இல்லாமல் வெந்தது.